அப்பாவின் ஆட்டோமேட்டிக் கடிகாரம்: விற்குமுன்பும் வாங்குமுன்பும் தெரிந்துகொள்ள வேண்டியவை

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பல குடும்பங்களில் இன்றும் ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். பிறப்புப் பத்திரம், பழைய சிவப்பு அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், மங்கிய திருமணப் படம் ஆகியவற்றோடு அதன் அடியில் ஒரு கைக்கடிகாரமும் கிடக்கும். தாத்தா கங்காணியாக இருந்தபோது வாங்கியது, அப்பா முதல் போனஸ் பணத்தில் வாங்கியது, மாமா கப்பலில் வேலை பார்த்துக் கொண்டுவந்தது என்று அதற்கு ஒரு கதையும் இருக்கும். பெரட்டு மணி அடித்து வேலைக்குக் கூப்பிட்ட காலத்தில், கையில் சொந்தமாக ஒரு கடிகாரம் கட்டுவது சிறிய காரியமல்ல.

அந்தக் கடிகாரங்களுக்கு இப்போது புதிய கிராக்கி ஏற்பட்டிருக்கிறது. பேட்டரி இல்லாமல், கையசைவிலேயே ஓடும் பழைய ஆட்டோமேட்டிக் கடிகாரங்களை இளைஞர்கள் தேடி வாங்குகிறார்கள். முகநூல் சந்தையிலும், முடா, கேரொசெல் போன்ற தளங்களிலும், பெட்டாலிங் ஜெயா ஆம்கோர்ப் மால் வார இறுதிச் சந்தையிலும், ஈப்போ மெமரி லேன் ஞாயிறு சந்தையிலும், பினாங்கு லோரோங் கூலிட் சந்தையிலும் இவை கைமாறுகின்றன.

இந்த வியாபாரத்தில் இரண்டு பேர் ஏமாறுகிறார்கள். தன்னிடம் இருப்பது என்னவென்று தெரியாமல் முதலில் கேட்டவருக்கே கொடுத்துவிடுபவர் ஒருவர். தான் வாங்குவது என்னவென்று தெரியாமல் பளபளப்பைப் பார்த்துப் பணத்தைக் கொட்டுபவர் இன்னொருவர். இருவருமே நம்மவர்களாக இருக்க வாய்ப்புண்டு என்பதால், இரு தரப்பும் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

ஆட்டோமேட்டிக் என்றால் என்ன?

பழைய கடிகாரங்களில் தினமும் சாவி கொடுக்க வேண்டும். பக்கவாட்டுத் திருகைச் சுற்றினால் உள்ளே இருக்கும் சுருள்வில் இறுகும். அது மெல்ல மெல்லத் தளரும்போது முட்கள் நகரும். ஆட்டோமேட்டிக் கடிகாரத்திலும் இதே சுருள்வில்தான். ஆனால் அதை இறுக்கும் வேலையை அரைவட்ட வடிவிலான ஒரு எடைத்தகடு பார்த்துக்கொள்கிறது. இதை ரோட்டர் என்பார்கள். நாம் கையை ஆட்டும்போது ரோட்டர் சுழலும். பல்சக்கரங்கள் வழியாகச் சுருள்வில் தானே இறுகும். முழுவதும் இறுகிய பிறகு வில்லின் முனை வழுக்கிக்கொடுக்கும்படி செய்யப்பட்டிருப்பதால், அதிகம் சுற்றி அறுந்துபோகும் என்ற பயம் இல்லை.

இங்கிலாந்துக் கடிகாரக் கலைஞர் ஜான் ஹார்வுட் தானியங்கிக் கைக்கடிகாரத்துக்கு 1924இல் சுவிட்சர்லாந்தில் காப்புரிமை பெற்றார். தடையில்லாமல் முழுவட்டமும் சுழலும் ரோட்டரை ரோலெக்ஸ் நிறுவனம் 1931இல் கொண்டுவந்தது. 1969 டிசம்பர் 25ஆம் தேதி ஜப்பானின் சீக்கோ நிறுவனம் ஆஸ்ட்ரோன் என்ற குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. அதற்குப் பிறகு பேட்டரி கடிகாரங்கள் மலிவாகி எங்கும் பரவின. ஆகவே நம் வீடுகளில் உள்ள பழைய ஆட்டோமேட்டிக் கடிகாரங்களில் பெரும்பாலானவை 1960கள் முதல் 1980கள் வரையிலானவை.

ஆட்டோமேட்டிக்கா, பேட்டரியா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நொடி முள்ளைப் பாருங்கள். நொடிக்கு ஒரு முறை தாவித் தாவி நகர்ந்தால் பெரும்பாலும் அது பேட்டரி. வழுக்கிக்கொண்டு போவதுபோல் நகர்ந்தால் அது இயந்திரக் கடிகாரம். மணிக்கு 21,600 துடிப்பு உள்ள கடிகாரத்தில் நொடிக்கு 6 முறை முள் நகர்வதால்தான் அப்படித் தெரிகிறது.

நம் வீடுகளில் அதிகம் இருப்பவை

முதலிடம் சீக்கோ 5க்குத்தான். 1963இல் ஸ்போர்ட்ஸ்மேட்டிக் 5 என்ற பெயரில் வந்த இந்த வரிசை, தானாகச் சாவி ஏறுவது, கிழமையும் தேதியும் ஒரே சாளரத்தில் தெரிவது, நீர் புகாமை, 4 மணிப் பக்கம் உள்வாங்கிய திருகு, உறுதியான உடலும் பட்டையும் என்ற ஐந்து அம்சங்களால் அப்பெயரைப் பெற்றது. விலை குறைவு, உழைப்பு அதிகம் என்பதால் தொழிலாளர் கைகளில் அதிகம் ஏறியது இதுதான். சிட்டிசன், ஓரியண்ட் ஆகிய ஜப்பானியக் கடிகாரங்களும் இதே வரிசையில் வரும்.

சுவிஸ் கடிகாரங்களில் ராடோவும் டைட்டோனியும் இங்கு நன்கு தெரிந்த பெயர்கள். கீறல் விழாத டயாஸ்டார் மாடலை ராடோ 1962இல் வெளியிட்டது. பழைய ராடோவின் முகப்பில் ஒரு சிறிய நங்கூரச் சின்னம் கடிகாரத்தை அசைக்கும்போது தானும் ஆடும். அது ஆடாமல் நின்றுவிட்டால் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கலாம், சர்வீஸுக்கு நேரமாகிவிட்டது என்பது வழக்கமான கணக்கு. டைட்டோனி 1919இல் தொடங்கப்பட்ட நிறுவனம். அதன் பிளம் மலர்ச் சின்னத்தால் சீனர்களிடையே அதற்குத் தனி மதிப்பு உண்டு. ஓமேகா வைத்திருந்தவர்கள் கிராணி, ஆசிரியர், அரசு ஊழியர் என்று கொஞ்சம் வசதியானவர்கள். இந்தியாவிலிருந்து உறவினர் கொண்டுவந்த எச்எம்டி சில வீடுகளில் இருக்கும். அதில் பெரும்பாலானவை கையால் சாவி கொடுக்கும் வகை, ஆட்டோமேட்டிக்கும் உண்டு.

கையில் இருப்பது எது? எண்கள் சொல்லும்

விற்கும் எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதலில் செய்ய வேண்டியது, கடிகாரத்தை அடையாளம் காண்பது. பின்மூடியை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்; தேவையானால் கைப்பேசி கேமராவால் பெரிதாக்கிப் பாருங்கள்.

பழைய சீக்கோ என்றால் பின்மூடியில் நான்கு எண்களும், ஒரு சிறுகோடும், மீண்டும் நான்கு எண்களும் இருக்கும். முதல் நான்கு எண்கள் உள்ளே இருக்கும் மெஷினின் வகையைக் குறிக்கும். 6119, 7009, 6309 போன்றவை நம் வீடுகளில் அடிக்கடி காணக்கூடியவை. அடுத்த நான்கும் கடிகார உடலின் மாடலைக் குறிக்கும்.

அதே பின்மூடியில் தனியாக ஒரு தொடர் எண் இருக்கும். அதன் முதல் இலக்கம் தயாரிப்பு ஆண்டின் கடைசி இலக்கம். இரண்டாவது, மாதம். 1 முதல் 9 வரை ஜனவரி முதல் செப்டம்பர். அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு முறையே ஆங்கில எழுத்துகள் ஓ, என், டி. எடுத்துக்காட்டாக, 6309 மெஷின் கொண்ட கடிகாரத்தின் தொடர் எண் 29 என்று தொடங்கினால், ஆண்டு 2இல் முடிகிறது, மாதம் செப்டம்பர். 6309 மெஷின் சுமார் 1976 முதல் 1988 வரை வந்தது. ஆகவே அது 1982 செப்டம்பரில் தயாரானது என்று உறுதியாகச் சொல்லலாம். அப்பா அதை எந்த ஆண்டில் வாங்கினார் என்ற வீட்டுக் கதையோடு இது பொருந்துகிறதா என்று பார்ப்பதே ஒரு மகிழ்ச்சிதான்.

மஞ்சள் நிறக் கடிகாரம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். 18கே அல்லது 750 என்ற முத்திரை உடலிலேயே இருந்தால் அது தங்கமாக இருக்கலாம், நகைக்கடையில் சோதித்துக்கொள்ளலாம். மைக்ரோன் கணக்கோ, ஜிபி என்ற எழுத்தோ இருந்தால் அது முலாம். பின்மூடியில் ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’ என்று மட்டும் எழுதியிருந்தால், பின்பக்கம் எஃகு, முன்பக்கம் பெரும்பாலும் முலாம் பூசிய வேறு உலோகம் என்று பொருள். உண்மையான தங்கக் கடிகாரத்தையும் அவசரப்பட்டு உருக்கும் விலைக்குக் கொடுத்துவிட வேண்டாம். கடிகாரமாக அதன் விலை தங்கத்தின் விலையைவிடக் கூடுதலாக இருக்கலாம்.

விற்குமுன் செய்யக் கூடாதவை

விற்பதற்கு முன் ‘கொஞ்சம் அழகுபடுத்தலாம்’ என்று நினைப்பது இயல்பு. ஆனால் பழைய கடிகாரத்தில் அந்த அழகே விலையைக் குறைத்துவிடும்.

முதலாவது, பாலிஷ் போடாதீர்கள். பாலிஷ் என்பது உலோகத்தைத் தேய்த்து எடுப்பது. கடிகாரத்தின் கூர்மையான விளிம்புகள் மழுங்கிவிட்டால் திரும்ப வராது. சேகரிப்பாளர்கள் சின்னச் சின்னக் கீறலைப் பொறுத்துக்கொள்வார்கள். மழுங்கிய உடலைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டாவது, டயலுக்குப் புதிய வண்ணம் பூசாதீர்கள். காலத்தால் பழுப்பேறிய அசல் டயல், புதிதாக வண்ணம் பூசிய டயலைவிட மதிப்புள்ளது.

மூன்றாவது, பின்மூடியைக் கத்தியால் நெம்பாதீர்கள். அதற்கென்று கருவி உண்டு. நெம்பினால் கீறல் விழும். நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமும் கெடும்.

நான்காவது, பல ஆண்டுகள் நின்றுகிடந்த கடிகாரத்தை வேகமாக ஆட்டி ஓட வைக்க முயலாதீர்கள். உள்ளே எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். அந்த நிலையில் ஓடினால் சக்கரங்களின் அச்சுகள் தேயும்.

செய்ய வேண்டியது, மென்மையான உலர்ந்த துணியால் துடைப்பது மட்டும்தான். பழைய பெட்டி, ரசீது, உத்தரவாத அட்டை, கழற்றி வைத்த பட்டைத் துண்டு என்று எது கிடைத்தாலும் தூக்கி எறியாமல் சேர்த்து வையுங்கள். அவை எல்லாம் விலையைக் கூட்டும்.

விலையைக் கணிப்பது எப்படி?

இணையத்தில் ஒருவர் தன் கடிகாரத்துக்கு ஆயிரம் ரிங்கிட் கேட்கிறார் என்பதால் அதன் விலை ஆயிரம் ஆகிவிடாது. அது அவர் கேட்கும் விலை மட்டுமே. எந்த விலைக்கு உண்மையில் விற்றது என்பதுதான் கணக்கு. ஈபே போன்ற தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி இருக்கிறது. பின்மூடியில் உள்ள எட்டு எண்களையும் தட்டச்சு செய்து, அதே மாடல், அதே நிற டயல், அதே நிலையில் உள்ளவற்றின் விற்பனை விலையைப் பாருங்கள். நாலைந்து விற்பனையைப் பார்த்தால் ஒரு வரம்பு புலப்படும்.

விலையைத் தீர்மானிப்பவை ஐந்து: எந்த மாடல், எவ்வளவு பாகம் அசல், டயலின் நிலை, உடலின் நிலை, மெஷின் ஓடுகிறதா என்பது. வயது மட்டும் விலையைக் கூட்டாது. லட்சக்கணக்கில் தயாரான சாதாரண சீக்கோ 5, ஐம்பது வயதானாலும் எளிதாகக் கிடைப்பதுதான். அதே காலத்து முக்குளிப்போர் கடிகாரமோ குரோனோகிராஃப் கடிகாரமோ பல மடங்கு விலை போகும். வெளியே பார்க்க இரண்டும் ‘பழைய சீக்கோ’தான். அதனால்தான் எண்ணைப் பார்க்காமல் விலை பேசக் கூடாது.

வாங்குபவருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 300 ரிங்கிட்டுக்கு ஒரு கடிகாரம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சர்வீஸுக்கு 180, புதிய பட்டைக்கு 40 என்றால் மொத்தம் 520 ஆகிறது. நன்கு ஓடும் அதே மாடல் சந்தையில் 400க்குக் கிடைக்கிறது என்றால் ‘மலிவாக’ வாங்கியவருக்கு 120 ரிங்கிட் நஷ்டம். வாங்குமுன்பே பழுதுபார்ப்பவரிடம் சர்வீஸ் கட்டணத்தைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

எங்கே விற்பது?

வீடு தேடி வந்து பழைய பொருள் கேட்பவரிடம் விற்பது எளிது, விலை குறைவு. கடைக்காரரிடம் விற்றால் உடனே பணம் கிடைக்கும். ஆனால் அவர் சர்வீஸ் செலவையும் இலாபத்தையும் கழித்துத்தான் கொடுப்பார், அது அநியாயமல்ல. நேரடியாகச் சேகரிப்பாளரிடம் விற்றால் கூடுதல் கிடைக்கலாம்; ஆனால் நாள் பிடிக்கும், கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். எப்படியானாலும் குறைந்தது மூன்று இடங்களில் விலை கேளுங்கள். ‘இன்றே கொடுத்தால்தான் இந்த விலை’ என்று அவசரப்படுத்துபவரிடம் விற்காமல் திரும்பி வருவதே மேல்.

பணமுடை தற்காலிகமானது என்றால், விற்பதற்குப் பதிலாக அடகு வைக்க முடியுமா என்று பார்க்கலாம். எல்லா அடகுக் கடைகளும் கடிகாரம் எடுப்பதில்லை; எடுப்பவையும் பெயர்பெற்ற சுவிஸ் கடிகாரங்களையே விரும்பும். 1972ஆம் ஆண்டு அடகுக் கடைக்காரர் சட்டப்படி மாதத்துக்கு அதிகபட்ச வட்டி 2 விழுக்காடு. மீட்கும் தவணை 6 மாதம். 500 ரிங்கிட் வாங்கினால் மாதம் 10 ரிங்கிட் வீதம் 6 மாதத்துக்கு வட்டி 60 ரிங்கிட். தவணை தவறினால் கடிகாரம் போய்விடும். எனவே அடகுச் சீட்டை வீட்டில் இன்னொருவருக்கும் காட்டி, தேதியைச் சொல்லி வையுங்கள்.

வாங்குபவர் செய்ய வேண்டிய சோதனை

படத்தைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். நேரில் கையில் எடுத்துப் பின்வருவனவற்றைச் சோதியுங்கள்.

நின்றிருக்கும் கடிகாரத்தை அரை நிமிடம் மெதுவாகப் பக்கவாட்டில் அசையுங்கள். நொடி முள் உடனே நகரத் தொடங்க வேண்டும். காதருகே வைத்து அசைக்கும்போது ரோட்டர் சுழலும் மெல்லிய ஓசை கேட்கலாம். உலோகம் உராயும் கரகரப்புக் கேட்கக் கூடாது.

திருகை வெளியே இழுத்து முட்களை முன்னோக்கிச் சுற்றி 12 மணியைக் கடக்கச் செய்யுங்கள். தேதியும் கிழமையும் மாறுகின்றனவா என்று பாருங்கள். அதே சமயம், முட்கள் இரவு 9 மணிக்கும் விடியற்காலை 3 மணிக்கும் இடையில் நிற்கும்போது தேதியைத் தனியாக மாற்ற முயலாதீர்கள். அந்த நேரத்தில் தேதிச் சக்கரம் பற்றியிருக்கும், பல் உடையக்கூடும்.

6119, 7009, 6309 போன்ற பழைய சீக்கோ மெஷின்களுக்குக் கையால் சாவி கொடுக்க முடியாது. திருகைச் சுற்றினால் இறுகவில்லையே, கெட்டுவிட்டது போலும் என்று நினைக்க வேண்டாம். அவற்றின் அமைப்பே அப்படித்தான். விற்பவர்களும் இதை அறிந்திருந்தால், ‘சாவி வேலை செய்யவில்லை’ என்று சொல்லி விலையைக் குறைப்பவரிடம் ஏமாற மாட்டார்கள்.

கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்திருக்கிறதா, டயலில் புள்ளி புள்ளியாகக் கறை இருக்கிறதா, முட்களில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். நம் நாட்டுப் புழுக்கமும் வியர்வையும் பழைய கடிகாரத்தின் முதல் எதிரிகள். டயலில் துரு தெரிந்தால் மெஷினிலும் துரு இருக்கலாம்.

கூடுமானால் பின்மூடியைப் பழுதுபார்ப்பவர் முன்னிலையில் திறந்து காட்டச் சொல்லுங்கள். அவரிடம் டைம்கிராஃபர் கருவி இருந்தால் ஒரு நிமிடத்தில் மெஷினின் உடல்நிலை தெரிந்துவிடும். சுவிஸ் குரோனோமீட்டர் சான்றிதழுக்கான வரம்பே நாளுக்கு 4 நொடி பின்தங்கலும் 6 நொடி முந்தலும்தான். சாதாரணப் பழைய கடிகாரம் நாளுக்கு அரை நிமிடம் முன்பின் போவதைக் குறையாகக் கொள்ள வேண்டாம். பல நிமிடங்கள் போனால் சர்வீஸ் தேவை. திடீரென்று வேகமாக ஓடத் தொடங்கினால் காந்தம் ஏறியிருக்கலாம்; அதை நீக்குவது சில நொடி வேலை.

வாங்கிய பிறகு ஒரு நாள் கையில் கட்டி, இரவு கழற்றி வைத்துப் பாருங்கள். முழுவதும் சாவி ஏறிய ஆட்டோமேட்டிக் சுமார் 40 மணி நேரம் ஓட வேண்டும். நாள் முழுவதும் கட்டியிருந்தும் விடிவதற்குள் நின்றுவிட்டால், ரோட்டர் சரியாகச் சாவி ஏற்றவில்லை என்று பொருள்.

கலப்பு, மறுபூச்சு, போலி

பழைய கடிகாரச் சந்தையில் மூன்று வகை ஏமாற்று உண்டு.

ஒன்று, கலப்பு. ஒரு கடிகாரத்தின் உடல், இன்னொன்றின் டயல், மூன்றாவதின் மெஷின் என்று சேர்த்துப் பூட்டியது. சீக்கோவில் இதைக் கண்டுபிடிக்க மூன்று இடங்களைப் பாருங்கள். பின்மூடியில் உள்ள முதல் நான்கு எண்கள், டயலின் அடிவிளிம்பில் மிகச் சிறிதாக அச்சிட்டிருக்கும் முதல் நான்கு எண்கள், மெஷினில் பொறித்திருக்கும் எண் ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் காரணம் கேளுங்கள்.

இரண்டாவது, மறுபூச்சு. நாற்பது ஆண்டுப் பழமையான கடிகாரத்தின் டயல் மட்டும் புத்தம் புதிதாக, ஆரஞ்சு, கிளிப்பச்சை என்று கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருந்தால் சந்தேகப்படுங்கள். இந்தியாவிலிருந்து இணையம் வழி வரும் பழைய சீக்கோ 5, எச்எம்டி கடிகாரங்களில் இது அதிகம். எழுத்து தடித்தோ, வரி கோணலாகவோ, அடிவிளிம்பு எண் இல்லாமலோ இருப்பது அடையாளம். மறுபூச்சு என்று தெரிந்தே, அதற்கேற்ற குறைந்த விலைக்கு வாங்கினால் தவறில்லை. ‘அசல்’ என்று சொல்லி விற்பதுதான் ஏமாற்று.

மூன்றாவது, முழுப் போலி. பெரும்பாலும் விலையுயர்ந்த சுவிஸ் பெயர்களில் வரும். போலி முத்திரையோடு பொருள் விற்பது சட்டப்படி குற்றம். பெயர் பெரியதாகவும் விலை சிறியதாகவும் இருந்தால் ஒதுங்கிவிடுங்கள்.

பணம் கைமாறும் நேரம்

அதிகம் பேர் அடிபடுவது கடிகாரத்தில் அல்ல, பணப் பரிமாற்றத்தில். ‘முன்பணம் போட்டால் ஒதுக்கி வைக்கிறேன்’ என்று கேட்டு வாங்கிக்கொண்டு காணாமல் போவது பழைய தந்திரம். பணம் அனுப்புமுன் விற்பவரின் வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் போலீஸ் துறையின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பாருங்கள்; புகார் பதிவாகியிருந்தால் காட்டும். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்த உடனே தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணை அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் தடுக்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். பிறகு போலீஸ் புகார் செய்யுங்கள்.

விற்பவருக்கும் ஆபத்து உண்டு. ‘பணம் அனுப்பிவிட்டேன்’ என்று புலனத்தில் வரும் ரசீதுப் படத்தை நம்பிக் கடிகாரத்தைக் கொடுக்காதீர்கள். உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து, கணக்கில் பணம் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகே கொடுங்கள். வயதான பெற்றோர் விற்பதாக இருந்தால் பிள்ளைகள் யாராவது உடன் இருங்கள். சந்திக்கும் இடம் வீடாக இல்லாமல், ஆள் நடமாட்டமுள்ள பேரங்காடியாகவோ வங்கி வாசலாகவோ இருக்கட்டும்.

ஒரு துண்டுக் காகிதமாவது எழுதிக்கொள்ளுங்கள். தேதி, மாடல் எண், தொடர் எண், விலை, ‘டயல் அசல்’ அல்லது ‘மறுபூச்சு’ என்ற குறிப்பு, இருவர் பெயர், கையெழுத்து போதும். திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தும் பொருட்படுத்தாமலோ வாங்குவது தண்டனைச் சட்டத்தின் 411ஆவது பிரிவின்படி குற்றம். கடிகாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை. நேர்மையாக விற்பவர் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

கடையிலோ, வியாபாரமாகச் செய்பவரிடமோ வாங்கி ஏமாந்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை, சம்பவம் நடந்த 3 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். ஆனால் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வியாபார விற்பனைக்குத்தான் பொருந்தும். பக்கத்து வீட்டுக்காரர் தன் சொந்தக் கடிகாரத்தை உங்களுக்கு விற்றால் அந்த மன்றம் உதவாது. தனியாரிடம் வாங்கும்போது கூடுதல் கவனம் தேவை என்பது இதனால்தான்.

கட்டிக்கொள்பவர் கவனத்துக்கு

பின்மூடியில் ‘வாட்டர் ரெசிஸ்ட்’ என்று எழுதியிருந்தாலும், பழைய ரப்பர் வளையம் இறுகிப்போயிருக்கும். தைப்பூசத்தில் ஆற்றில் நீராடும்போதும், மழையில் மோட்டார் சைக்கிள் ஓட்டும்போதும் கழற்றி வையுங்கள். ஒலிபெருக்கி, காந்தம் உள்ள கைப்பேசி உறை ஆகியவற்றின்மேல் வைக்காதீர்கள்.

1960களுக்கு முந்திய சில கடிகாரங்களில் முட்களும் எண்களும் இருட்டில் ஒளிர்வதற்காக ரேடியம் கலந்த சாயம் பூசியிருப்பார்கள். இன்று அது ஒளிராமல் போயிருந்தாலும் கதிரியக்கம் போகவில்லை. ரேடியத்தின் அரையாயுள் சுமார் 1,600 ஆண்டுகள். மூடிய நிலையில் இருக்கும் கடிகாரத்தைவிட, திறந்து அந்தச் சாயத்தைச் சுரண்டும்போது பறக்கும் தூள்தான் ஆபத்து. ஆகவே மிகப் பழைய கடிகாரத்தை வீட்டில் திறக்காதீர்கள், பிள்ளைகளிடம் விளையாடக் கொடுக்காதீர்கள். பழுதுபார்ப்பவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

விற்கலாமா, வைத்துக்கொள்ளலாமா?

கடைசியாக, விலைப்பட்டியலில் இல்லாத ஒரு செய்தி. பெற்றோர் விட்டுச்சென்ற கடிகாரம் ஒருவர் கையில் இருந்தாலும், மனத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதில் பங்கு உண்டு. ஒருவர் விற்றுவிட்டார் என்று பிறகு தெரியவரும்போது, வந்த பணத்தைவிடப் பெரிய மனக்கசப்பு குடும்பத்தில் உண்டாகிறது. விற்பதற்கு முன் அண்ணன் தம்பி, அக்கா தங்கையிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர்களில் ஒருவரே அதே விலைக்கு வாங்கிக்கொள்ள முன்வரலாம்.

சாதாரண மாடல் என்றால், விற்றுக் கிடைக்கும் தொகை ஒரு மாத மின்கட்டணத்துக்குக்கூடப் போதாமல் இருக்கலாம். அப்படியானால் அதே தொகையைச் சர்வீஸுக்குச் செலவழித்துப் பேரப்பிள்ளை கையில் கட்டிவிடுவதே இலாபம். அரிய மாடல் என்றால், அதன் உண்மை மதிப்பை அறிந்து, நல்ல விலைக்கு விற்று, படிப்புக்கோ மருத்துவத்துக்கோ பயன்படுத்துவதில் எந்தக் குறையும் இல்லை. கஷ்டப்பட்டு வாங்கியவர் அதைத்தான் விரும்பியிருப்பார்.

எந்த முடிவானாலும் இந்த வார இறுதியில் அந்தப் பெட்டியைத் திறந்து, பின்மூடி எண்ணைக் குறித்துப் படம் எடுத்து வையுங்கள். வாங்கியவர் யார், எந்த ஆண்டு, எந்தத் தோட்டம் என்று ஒரு சீட்டில் எழுதி அதோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். அதைச் சொல்லத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மெஷினைப் பழுதுபார்க்க நாளையும் ஆள் கிடைப்பார்; அந்த விவரத்தைச் சொல்ல வேறு ஆள் கிடைக்காது.